ஏழு பைசா, ஆறு பக்கம்

அன்புள்ள ஐயா,

வேலை காரணமாகப் புனேக்கு வந்து மூன்று வருடமாகிறது. நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரருடைய அம்மாவை எல்லோரும் ஆஜி (மராத்தியில் பாட்டி) என்றுதான் கூப்பிடுகிறோம். தினமும் காலையில் 'சகால்' நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். அவரைப் பார்த்து நானும் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். தண்ணீர் வராத தெரு, குண்டும் குழியுமான சாலை, வெங்காய விலை. இவ்வளவு பெரிய பத்திரிகை இதற்கெல்லாமா இடம் கொடுக்கும்? போதாததற்கு, அரசியல் குடும்பத்தின் கையில் இருக்கும் பத்திரிகை வேறு. ஆஜியோ அதை விட்டுக்கொடுத்துப் பேசுவதே இல்லை. அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

ஆர்., புனே

அன்புள்ள ஆர்.,

முதலில் பெயரைச் சரியாக எழுதிவிடுவோம். 'சகாள்'. நம்முடைய 'ள' மராத்தியிலும் உண்டு. காலை என்று பொருள்.

1932 ஜனவரி 1 அன்று புனேயில் அதைத் தொடங்கியவர் நானாசாகேப் பருளேகர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பியவர். அன்றைய புனே, திலகரின் 'கேசரி' பத்திரிகை வளர்த்த ஊர். அங்கே பத்திரிகையின் உயிர் தலையங்கத்தில் இருந்தது. கேசரியில் எழுதியதற்காக 1908-இல் ஆறாண்டுத் தண்டனை பெற்று மாண்டலே சிறைக்குப் போனார் திலகர். அந்தப் பெருமைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வாசகனுக்குக் கருத்துக்கு முன்னால் செய்தி வேண்டும் என்று பருளேகர் நினைத்தார். அதுவும் அவன் ஊர்ச் செய்தி, அவனுக்குப் புரிகிற மராத்தியில். நீங்கள் சலித்துக்கொள்ளும் வெங்காய விலைக்கு வேர் அங்கே இருக்கிறது. அதே நிறுவனம் 2005-இல் விவசாயிகளுக்கென்றே 'அக்ரோவன்' என்று ஒரு நாளிதழ் தொடங்கியதும் அந்த வேரிலிருந்துதான்.

1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து புனேக்குள் வெள்ளம் புகுந்தது. எந்தப் பேட்டை மூழ்கியது, எந்தப் பாலம் போனது என்று தெரிந்துகொள்ள அன்று ஒருவர் டெல்லிப் பத்திரிகையைத் தேடிப் போயிருக்க முடியுமா? தண்ணீர்ச் செய்தியைச் சின்னச் செய்தி என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

அதே 1961-இல் சகாள் உச்ச நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தது. நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது. வாரத்தில் ஐந்து நாள் ஆறு பக்கம், ஒரு நாள் நான்கு பக்கம், ஆக ஆறு நாளுக்கு 34 பக்கம். ஒரு பிரதி ஏழு புதுப் பைசா. ஞாயிறு இதழ் தனி. 1956-இல் ஒரு சட்டமும் 1960-இல் அதன்கீழ் ஓர் ஆணையும் வந்தன. பக்கத்துக்கு ஏற்ற விலையை இனி அரசு நிர்ணயிக்கும். ஏழு பைசாவுக்கு விற்றால் ஆறு நாளில் 24 பக்கம்தான் போடலாம். 34 பக்கம் வேண்டுமென்றால் விலையை எட்டுப் பைசா ஆக்க வேண்டும். பெரிய பத்திரிகைகள் சின்னவற்றை நசுக்கக் கூடாது என்பது அரசு சொன்ன காரணம். நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று சகாள் விற்றது சுமார் 52,000 பிரதிகள். மராத்தியில் ஊர்ச் செய்தி போட்டுக்கொண்டிருந்த அந்தப் பத்திரிகையின் கழுத்தில்தான் கயிறு விழுந்தது.

வழக்குப் போட்டது நிறுவனம் மட்டுமில்லை. சகாளின் வாசகர்கள் இரண்டு பேரும் தனித்தனியாக மனுப் போட்டார்கள். இதை முதன்முதலில் படித்தபோது நான் நெகிழ்ந்துபோனேன். ஒரு பைசா கூடினால் கூடட்டும் என்று அவர்கள் பேசாமல் இருந்திருக்கலாம். எங்கள் பத்திரிகையின் பக்கத்தைக் குறைக்க நீ யார் என்று அரசைக் கேட்டார்கள்.

செப்டம்பர் 25 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதி முதோல்கர் எழுதியது. விலையை ஏற்றினால் படிப்பவர்கள் குறைவார்கள், பக்கத்தைக் குறைத்தால் சொல்லக்கூடியது குறையும், இரண்டுமே பேச்சுரிமையின் மீது கை வைப்பதுதான் என்று சொல்லி, அந்தச் சட்டத்தின் விலை-பக்கப் பிரிவையும் ஆணையையும் நீதிமன்றம் செல்லாததாக்கியது. இதற்கு அடித்தளமாக இருந்த பழைய வழக்கு ஒன்றில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்று இங்கிருந்த அரசு தடை போட்டது. எழுதும் உரிமையில் அதைப் பரப்பும் உரிமையும் அடங்கும் என்று சொல்லி, 1950-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது.

அரசியல் குடும்பம் பற்றிக் கேட்டீர்கள். 1973-இல் பருளேகர் காலமானார். 1985-இல் நிர்வாகம் அரசியல் தலைவர் சரத் பவாரின் குடும்பத்திடம் போனது. மராட்டிய அரசியல் செய்தி படிக்கும்போது அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள், பக்கத்திலேயே 'லோக்சத்தா' என்ற இன்னொரு மராத்தி நாளிதழையும் வைத்துப் படியுங்கள். உங்கள் தெருக் குழாய்ச் செய்திக்கு அந்தச் சந்தேகம் தேவையில்லை, குழாயைத் திறந்தே சரிபார்த்துவிடலாம்.

அப்புறம், ஆஜிக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் இருந்தால் அந்த ஏழு பைசாக் காலம் நினைவிருக்கும். வெள்ள வருடத்தில் அவர் வீட்டுக்குச் சகாள் வந்ததா, யார் படித்துச் சொன்னார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.