ஒன்றரை அடித் தொட்டியில் பவளம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி வீட்டில் சும்மா கிடக்கிறது. அதில் பவளமும் கோமாளி மீனும் வளர்க்க ஆசை. கடல் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. தண்ணீரையும் கல்லையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கல்லை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லாக வளரும் பவள இனங்கள் அனைத்தும், கடல் குதிரையும், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. உயிருள்ளதாயினும் செத்து வெளுத்த துண்டாயினும் அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விலைக்கு வாங்குவதும் குற்றம். கடையில் விற்கிறார்களே என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. நுண்துளைகள் நிறைந்த செயற்கைப் பாறையே உங்களுக்குப் போதும்.

கடல்நீரில் சட்டச் சிக்கல் இல்லை, நம்பகம்தான் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் சங்கராபரணியும் தென்பெண்ணையும் கொண்டுவந்து கொட்டும் நன்னீரால் கரையோரத்தில் உப்பு குறைந்துவிடும். கழிவுநீர் வாய்க்கால்கள் கலக்கும் இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எனவே ஆர்.ஓ. நீரில் செயற்கைக் கடல் உப்பைக் கரைத்து, மோட்டாரால் ஒரு நாள் முழுக்கச் சுழலவிட்டுப் பயன்படுத்துங்கள். வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகக் குழாய் நீரைச் சிறிது கலந்துவிடும் அமைப்பு உண்டு, நீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்து, பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் மட்டுமே அந்த நீரை நம்பலாம். உப்பின் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம், நீரின் உப்பைக் காட்டும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டர் 1.025 காட்ட வேண்டும்.

உங்கள் தொட்டியின் கொள்ளளவு சுமார் 42 லிட்டர். பாறையும் மணலும் போக மிஞ்சுவது 30 லிட்டர் நீர்தான். சிறிய தொட்டி எளிது என்று பலர் நினைப்பதற்கு மாறாக, எல்லாத் தொல்லைகளும் இந்த 30 லிட்டரில்தான் தொடங்குகின்றன. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஒரு லிட்டர் குறைந்தாலே உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35 என்பதிலிருந்து 36-ஐத் தாண்டிவிடும். ஆகவே தொட்டியின் வெளிப்புறத்தில் ஒரு கோடு போட்டு, நீர் அதற்குக் கீழே இறங்கும்போதெல்லாம், அதாவது நாள்தோறும், உப்பில்லாத ஆர்.ஓ. நீரை ஊற்றிச் சரிசெய்ய வேண்டும்.

வெப்பம் அதைவிடப் பெரிய பிரச்சினை. பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு உணவும் நிறமும் தருகிறது. நீர் 30 டிகிரியைத் தாண்டி நீடித்தால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பெருமளவில் நடந்தது அதுதான். தொட்டியில் 25 முதல் 27 டிகிரி வரை வைத்திருப்பது நல்லது. நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆனால் நம் கடற்கரைப் புழுக்கத்தில் அது எப்போதும் எடுபடாது, நீரும் வேகமாக வற்றும். அக்னி நட்சத்திரத்தின்போது ஏ.சி. ஓடாத மொட்டைமாடி அறையில்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால், இந்த ஆசையை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன்.

பாறை, மணல், உப்புநீர் ஆகியவற்றை வைத்து, கடையில் கிடைக்கும் பாக்டீரியா திரவத்தையும் சிறிது அம்மோனியாவையும் சேர்த்து நான்கு முதல் ஆறு வாரங்கள் பொறுத்திருங்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அதற்குள் பாறையில் குடியேறிவிடும். சோதனையில் முதல் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே உயிர்களை விட வேண்டும். முதலில் ஓரிரு நத்தைகள், பின்னர் கல்லாக வளராத காளான் பவளமும், பவளத்தின் உறவினமான ஸோவாந்திட்டும். ஸோவாந்திட் இனங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நச்சு இருப்பதால், கையுறை அணியாமல் தொடக் கூடாது. அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவே கூடாது. கடைசியாக ஒரே ஒரு ஜோடிச் சிறிய கோமாளி மீன். கடலில் பிடித்ததை விடுத்து, பண்ணையில் பொரித்ததையே கேட்டு வாங்குங்கள்; பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமே இம்மீனைக் கழிமுக நீரில் இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது. ‘ஃபைண்டிங் நீமோ’ திரைப்படத்தில் பார்த்த நீல மீனைக் குழந்தைகள் கேட்பார்கள். அது ஓரடி வரை வளரும், இந்தத் தொட்டிக்கு ஆகாது.

வாரம் 3 லிட்டர் நீரை மாற்றினால் புரதம் நீக்கும் ஸ்கிம்மர் தேவைப்படாது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை மட்டும் அவசியம் வாங்கி வையுங்கள்: 2011-இல் தானே புயலுக்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்பது நம் பக்கத்தாருக்குத் தெரியும்.

கேள்வி: செயற்கைக் கடல் உப்பு விலை அதிகம். மரக்காணம் கல்லுப்பைக் கரைத்தால் என்ன?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: கூடாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது கால்சியம் முன்னதாகவே படிந்து பிரிந்துவிடுகிறது. மெக்னீசியம் வடித்து ஒதுக்கும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. பாத்தியில் வாரி எடுப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. பவளத்துக்கு வேண்டியது லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கால்சியமும் 1,300 மில்லிகிராம் அளவில் மெக்னீசியமும். உங்களுடையதும் சிறு தொட்டி என்றால் முதல் நிரப்புக்கு ஒன்றரைக் கிலோ கூடத் தேவைப்படாது. வாரந்தோறும் மாற்றும் நீருக்கு 100 கிராம் சொச்சம்தான்.