மே மாதமா, மாசி மாதமா? குழந்தைகள் கூட்டமில்லாத கப்பல் பயணத்துக்கு நாள் பார்ப்பது

கேள்வி: எனக்கு 64 வயது, மனைவிக்கு 61. மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறோம். மனைவி 31 வருடம் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வாரமாவது சத்தமில்லாமல், குளிரில்லாத கடலில், கப்பலில் போய் வர வேண்டும் என்பது அவர் ஆசை. குழந்தைகள் அதிகம் இல்லாத பயணமாக வேண்டும் என்கிறார். இப்படிக் கேட்பது தப்போ என்ற உறுத்தலும் அவருக்கு இருக்கிறது. மே மாதம் போகலாம் என்று நினைக்கிறோம். கொச்சியிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ போகலாமா? மகள் ஹூஸ்டனில் இருக்கிறாள், அங்கிருந்தும் கப்பல் உண்டு என்கிறாள். மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் மாசிக் கொடைத் திருவிழாவுக்கு மட்டும் ஊரில் இருந்தாக வேண்டும்.

பதில்: முதலில் டீச்சருக்கு. நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை. முப்பத்தொரு வருடம் ஊர்ப் பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவில் நின்றவருக்கு ஏழு நாள் அமைதி கேட்க உரிமை இருக்கிறது. கப்பலில் குழந்தைகள் ஓடி ஆடத்தான் செய்வார்கள், அது அவர்களுக்கான விடுமுறை. அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நாளாகப் பார்த்து நீங்கள் கிளம்பினால் இரண்டு பேருக்கும் நல்லது.

நாள் பார்க்கும்போது எல்லோரும் நம் ஊர் விடுமுறையை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறார்கள். பயண ஏற்பாடு செய்து கொடுக்கத் தொடங்கிய காலத்தில் நானும் அதைத்தான் செய்தேன். கப்பல் எந்தத் துறைமுகத்தில் கிளம்புகிறதோ, அந்த ஊரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்தவர்கள்தான் அதில் பெரும்பாலும் ஏறுவார்கள். ஆகவே பார்க்க வேண்டியது அந்த ஊர்ப் பள்ளிக்கூட நாள்காட்டி. அதோடு அந்தக் கடலின் காற்று மழைக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். கடல் அமைதியாகவும் பள்ளிக்கூடம் திறந்தும் இருக்கும் நாட்கள் எங்கே பொருந்துகின்றனவோ, அதுதான் உங்கள் நாள். நீங்கள் சொன்ன மே மாதம் மூன்று துறைமுகங்களில் இரண்டுக்குச் சரிப்படாது, ஒன்றுக்கு அருமையாகப் பொருந்தும்.

கொச்சியை எடுத்துக்கொள்வோம். கேரளப் பள்ளிகள் மார்ச் கடைசியில் மூடி ஜூன் தொடக்கத்தில் திறக்கும். நம் பக்கமும் ஏப்ரல் கடைசியிலிருந்து கோடை விடுமுறை. ஏப்ரல், மே மாதங்களில் கொச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ கிளம்பும் சுற்றுலாக் கப்பல் முழுக்கக் குடும்பங்கள்தான் இருக்கும். கடலும் அப்போது மாறத் தொடங்கிவிடும். கள்ளக்கடல் என்றால் என்னவென்று நம் மாவட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வானம் தெளிவாக இருக்கும்போதே, தெற்கே வெகு தொலைவில் புயலில் கிளம்பிய அலை நம் கரைக்கு வந்து ஏறும். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகை நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி மே மாதத்தில் வருவது பெரும்பாலும் இதனால்தான். ஆழ்கடலில் போகும் பெரிய கப்பலுக்கு இது பெரிய விஷயமில்லை. சின்னப் படகில் மாறி இறங்க வேண்டிய இடத்தில்தான் கஷ்டம்.

லட்சத்தீவில் அப்படித்தான் இறங்க வேண்டும். தீவு நிர்வாகத்தின் சுற்றுலாப் பிரிவு நடத்தும் ‘சமுத்திரம்’ என்ற ஐந்து நாள் பயணத்தில் கொச்சியிலிருந்து எம்.வி. கவரத்தி கப்பலில் போய் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளைப் பார்க்கலாம். பகலில் தீவு, இரவில் கப்பல். அம்மாவுக்கு 66 வயதாகும்போது ஒரு பிப்ரவரி மாதம் அவரை அங்கே கூட்டிப்போனேன். கப்பல் பவளத்திட்டுக்கு வெளியே நின்றுவிடும். பக்கவாட்டில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கதவைத் திறப்பார்கள். கீழே படகு ஒரு சாண் ஏறும், ஒரு சாண் இறங்கும். மாலுமிகள் இரண்டு பேர் அம்மாவின் இரண்டு முழங்கையையும் பிடித்துக்கொண்டு, படகு மேலே வரும்வரை காத்திருந்து, “இப்ப வைங்கம்மா” என்றார்கள். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காலை வைத்துவிட்டார். பிப்ரவரியில் ஒரு சாண். இதே இடத்தில் மே கடைசியில் படகு ஒரு முழம் ஏறி இறங்குவதையும் பார்த்திருக்கிறேன். முட்டுவலி உள்ளவர்களை அப்போது நான் அனுப்பவே மாட்டேன். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பேச்சே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எம்.வி. கவரத்தி என்பது தீவுக்காரர்கள் ஊருக்குப் போய்வரும் பயணிகள் கப்பல். அதில் ஆடம்பரம் எதிர்பார்க்கக் கூடாது, தீவுக் குடும்பங்களின் குழந்தைகளும் இருப்பார்கள். இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி வேண்டும். அந்தப் பருவத்தின் தேதிகளை மூன்று நான்கு மாதம் முன்பே கேட்டு வையுங்கள். மினிக்காய் கலங்கரை விளக்கத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் தாராளமாகப் போகலாம். டீச்சர் கேட்கும் அமைதி அங்கே தீவில் கிடைக்கும், கப்பலில் கிடைக்காது.

இனி சிங்கப்பூர். உங்களுக்கு முதலில் நான் சொல்வது இதைத்தான். மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் பக்கம், அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானமும் உண்டு. சிங்கப்பூர் பள்ளிகளில் கல்வியாண்டு ஜனவரி தொடக்கத்தில் ஆரம்பிக்கும். மார்ச் நடுவில் ஒரு வாரம், மே கடைசியிலிருந்து ஜூன் கடைசி வரை நான்கு வாரம், செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு வாரம், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய ஆறு வாரம் விடுமுறை. இந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். மழையைப் பார்த்தால் டிசம்பரும் ஜனவரியின் முதல் பாதியும் அங்கே நல்ல மழைக்காலம். பிப்ரவரி ஓரளவு காய்ந்த மாதம். கப்பல் போகும் மலேசியாவின் பினாங்கும் தாய்லாந்தின் ஃபூகெட்டும் அப்போது நல்ல வெயிலில் இருக்கும். மே மாதத்திலேயே அந்தமான் கடலில் தென்மேற்குக் காற்று எழத் தொடங்கிவிடும்.

நம் ஊர்ப் பக்கமும் பிப்ரவரி தோதான மாதம். சிங்கப்பூர்க் கப்பலில் இந்தியர்கள் நிறையவே ஏறுகிறார்கள். பொங்கலும் குடியரசு தினமும் முடிந்து, தேர்வு பயத்தில் பிள்ளைகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் மாதம் அது. டீச்சருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பிப்ரவரியில் இடைஞ்சல் ஒன்றுதான், சீனப் புத்தாண்டு. அது ஒவ்வொரு வருடமும் நகரும். 2027இல் பிப்ரவரி 6, 2028இல் ஜனவரி 26. அதற்கு முன்னும் பின்னுமாக ஒரு வாரம் கப்பல் நிரம்பி வழியும், கட்டணமும் ஏறும். ஆகவே 2027 என்றால் பிப்ரவரி 15, திங்கட்கிழமைக்குப் பிறகு கிளம்புங்கள், 25ஆம் தேதிக்குள் ஊர் திரும்பிவிடுங்கள். மாசிக் கடைசிச் செவ்வாயில் கொடையை முடிக்கும் ஒடுக்கு பூஜைக்கு மட்டுமல்ல, கொடியேற்றத்துக்கும் நீங்கள் மண்டைக்காட்டில் இருக்கலாம்.

மாதத்தைச் சரியாகப் பிடித்தாலும் கிழமையிலும் இரவுக் கணக்கிலும் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. இதில் நானே ஒருமுறை பெரிய தப்புச் செய்தேன். தக்கலையிலிருந்து வந்த ஒரு பெரியவரையும் அவர் மனைவியையும் கிறிஸ்துமஸ் வாரத்தில், மூன்று இரவுப் பயணத்தில் ஏற்றிவிட்டேன். விலை மலிவாக இருந்தது, அதை மட்டும் பார்த்தேன். அவருக்குக் கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. லிப்ட் முன்னால் நின்றால் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே நீச்சல் துண்டு போர்த்திய பிள்ளைகள் நெருக்கி நிற்பார்களாம். காலைச் சாப்பாட்டுக்கு ஒன்பதாவது மாடி ஏற அரை மணி நேரம் ஆனது என்று வந்து சொன்னார். கோபப்படவில்லை, “நீங்க கொஞ்சம் பார்த்திருக்கலாம் தம்பி” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இப்போதெல்லாம் இவ்வளவு நுணுக்கமாக நாள் பார்க்கிறேன்.

இரண்டு, மூன்று இரவுப் பயணம், அதிலும் வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்புவது, எந்த மாதமானாலும் குடும்பங்களுக்கானது. பள்ளிக்கு லீவு போடாமல் போய் வரலாமே. ஐந்து இரவு, ஏழு இரவு என்று போனால், அதுவும் வாரநாளில் கிளம்பினால், பள்ளிப் பிள்ளைகள் தானாகக் குறைந்துவிடுவார்கள். கைக்குழந்தைகளும் பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளும் கொஞ்சம் இருப்பார்கள், அதைத் தவிர்க்க முடியாது.

விளம்பரத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. குழந்தைகளுக்கு இலவசம் என்ற சலுகையை நிறுவனங்கள் அடிக்கடி அறிவிக்கும். அதன் அடியில் சின்ன எழுத்தில், இந்தத் தேதிகளுக்குச் சலுகை பொருந்தாது என்று ஒரு பட்டியல் போட்டிருப்பார்கள். இலவசம் கொடுக்காமலேயே குடும்பங்கள் வந்து நிரம்பும் தேதிகள் அவை. அந்தப் பட்டியலில் உள்ள எல்லா நாளையும் அடித்துவிடுங்கள். சலுகை ஓடும் நாட்களில் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்னி பெயர் போட்ட கப்பல் எந்த மாதமானாலும் உங்களுக்கு வேண்டாம்.

முன்பதிவு செய்யும்போது அறை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்து அறைக்கு உள்கதவு இருக்கும் அறை வேண்டாம், அவற்றைக் குடும்பங்கள் எடுப்பார்கள், கதவு வழியாகச் சத்தமும் வரும். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே வேண்டாம். கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் எடுத்தால் ஆட்டமும் குறைவு. இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு நேரம் கொடுத்தால் பிந்தியதை எடுங்கள், பிள்ளைகளோடு வருபவர்கள் முந்தியதற்குப் போய்விடுவார்கள். ராயல் கரீபியன் கப்பல்கள் பலவற்றில் சோலாரியம் என்று ஒரு பகுதி உண்டு, 16 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். பினாங்கில் கப்பல் நிற்கும் பகலில் எல்லோரும் இறங்கிப் போனபின், ஆளில்லாத மேல்தளத்தில் ஒரு காப்பியோடு உட்கார்ந்து பாருங்கள். அந்த நேரம் டீச்சருக்கு நிச்சயம் பிடிக்கும். கப்பல் திரும்பி வந்து மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைய வேண்டும் என்பதால், விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து முழுவதும் கைப்பையில் இருக்கட்டும்.

மே மாதம்தான் தோது என்றால் மகள் வீட்டுக்குப் போங்கள். ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் கால்வெஸ்டன் துறைமுகம் இருக்கிறது. அங்கிருந்து கப்பல்கள் மெக்சிகோவின் கோசுமெல் தீவுப் பக்கம் போகும். டெக்சாஸ் பள்ளிகளுக்கு மார்ச் நடுவில் ஒரு வாரம் வசந்த விடுமுறை, அந்த வாரம் கூட்டம் தாங்காது. கோடை விடுமுறை மே கடைசியில்தான் தொடங்கும். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகவே ஈஸ்டர் கழிந்து, ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து மே 20 வரை பள்ளியும் திறந்திருக்கும், புயல் பருவமும் வந்திருக்காது, கடலில் இறங்கிக் குளிக்கும் சூடும் இருக்கும். ஜனவரியிலும் அங்கே குழந்தைகள் குறைவுதான். ஆனால் வடக்கிலிருந்து குளிர்காற்று வரும், முதல் நாள் மேல்தளத்தில் கம்பளி வேண்டியிருக்கும். கால்வெஸ்டனில் குளிர்காலப் பனிமூட்டத்தால் கப்பல் தாமதமாவதும் உண்டு.

குழந்தைகளே இல்லாத கப்பலும் இருக்கிறது. வைக்கிங், வர்ஜின் வாயேஜஸ் இரண்டிலும் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் இடம். வர்ஜினில் பாட்டும் கொண்டாட்டமும் அதிகம், உங்களுக்கு ஒத்துவராது என்று நினைக்கிறேன். வைக்கிங் அமைதியானது, சூதாட்டக்கூடம்கூடக் கிடையாது. கட்டணம் கனமாக இருக்கும். மகள் வாங்கித் தருவதாகச் சொன்னால் மறுக்காதீர்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கத்துக் கடலில் எதற்கும் நாள் குறிக்க வேண்டாம். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் வந்த அன்று, தூத்தூரிலும் நீரோடியிலும் கரையில் காத்து நின்றவர்களைப் பார்த்த ஊர் நம்முடையது. அந்த மாதங்களில் உல்லாசத்துக்குக் கடலேறுங்கள் என்று எழுத என் கை ஓடவில்லை.

சிங்கப்பூர்தான் என்று முடிவு செய்தால் செப்டம்பர், அக்டோபரிலேயே பதிவு செய்துவிடுங்கள். நடுப்பகுதி அறைகள்தான் முதலில் தீரும்.