பதினோராம் வகுப்பில் கல்லூரி இயற்கணிதம்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் டாலஸ் அருகே இருக்கிறோம். மகள் இந்த ஆண்டு, பத்தாம் வகுப்பில், அல்ஜீப்ரா 2 முடிக்கிறாள். அடுத்த ஆண்டு கம்யூனிட்டி காலேஜ் வழியாக ‘டூயல் கிரெடிட்’ (பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்தே கணக்கில் வரும்) காலேஜ் அல்ஜீப்ரா எடுக்கலாம் என்கிறார் பள்ளி கவுன்சிலர். மூன்று கிரெடிட் இப்போதே கிடைத்தால் பின்னால் செலவு மிச்சம் என்கிறார் கணவர். அவளுக்கோ கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் ஆசை. இந்த வயதில் கல்லூரிக் கணக்கு தாங்குமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரி,

தாங்கும். உங்கள் மகளுக்கு அது தேவையா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

டெக்சாஸில் இந்தப் பாடத்தின் எண் மேத் 1314. பல்லுறுப்புக்கோவை, விகிதமுறு, மூல, அடுக்குக்குறி, மடக்கைச் சார்புகள், அணிகளைக் கொண்டு சமன்பாட்டுத் தொகுப்புகளைத் தீர்ப்பது ஆகியவை இதில் வரும். பெரும்பகுதி அவள் அல்ஜீப்ரா 2-இல் பார்த்ததுதான். ஆனால் பள்ளி ஓராண்டு இழுக்கும் பாடத்தைக் கல்லூரி ஒரே செமஸ்டரில், சுமார் 16 வாரத்தில் முடித்துவிடும்.

இனி உங்கள் கணவரின் கணக்கு. மாநிலப் பொதுக் கல்லூரிகளின் 42 மணிநேரப் (இங்கே மணிநேரம் என்றால் கிரெடிட்) பொதுப் பாடத்தொகுப்பில், கணக்குக்கு ஒதுக்கிய 3 மணிநேரத்தை 1314 நிரப்பும். வரலாறோ இதழியலோ படிப்பவருக்கு அது முழு லாபம். இன்ஜினியரிங்கில் கணக்கு வரிசை கால்குலஸ் 1-இல், அதாவது 2413-இல், தொடங்குகிறது. அதற்குக் கீழே எடுத்த கிரெடிட் மார்க் பட்டியலில் நிற்கும், பட்டத்துக்குப் பொதுவாக உதவாது. தனியார் பல்கலைக்கழகங்களும் வெளிமாநிலத்தவையும் இதை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம்.

ஆகவே அவளுக்கு இரண்டு வழிகள். ஒன்று, 11-இல் ஏபி பிரீகால்குலஸ் (ஏபி என்பது பள்ளியிலேயே நடக்கும் கல்லூரித் தரப் பாடம்; பிரீகால்குலஸ் அதில் 2023-இல் தொடங்கியது), 12-இல் ஏபி கால்குலஸ். இன்னொன்று, 11-இன் முதல் செமஸ்டரில் 1314, இரண்டாவதில் 2412 என்ற பிரீகால்குலஸ், அதன்பின் கால்குலஸ். 1314-ஐ மட்டும் எடுத்துவிட்டு மீதி ஆண்டைக் கணக்கில்லாமல் கழிப்பதுதான் மோசமான தேர்வு. கைப்பழக்கம் விட்டுப்போகும்.

இரண்டாம் வழி என்றால் முதலில் டிஎஸ்ஐஏ2 என்ற டெக்சாஸ் தகுதித் தேர்வு. கணிதத்தில் 950 எடுத்தால் கல்லூரிக்குத் தயார் என்று பொருள். எல்லாக் கேள்விக்கும் கால்குலேட்டர் தரமாட்டார்கள். திரையிலேயே கால்குலேட்டர் தோன்றும் கேள்விக்கு மட்டும்தான்.

இந்தப் பாடத்தில் தோற்கிறவர்கள் பெரும்பாலும் புதிய பகுதியில் தோற்பதில்லை. காரணிப்படுத்தலிலும் பின்னத்திலும்தான் வழுக்குகிறார்கள். ஓர் எண்ணோடு 6 கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதே எண் வரவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 3, −2 என்று இரண்டு விடை வரும். −2-ஐப் போட்டுப் பாருங்கள்: 4-இன் வர்க்கமூலம் 2, −2 அல்ல. வர்க்கப்படுத்தும்போது குறி தொலைவதால் போலி விடை நுழைகிறது. மூலச் சமன்பாட்டில் திரும்பப் போட்டுப் பார்க்காதவர் இரண்டையும் எழுதி மதிப்பெண்ணை விடுவார். மடக்கைச் சமன்பாட்டிலும் இதே கதை. அங்கே மடக்கைக்குள் குறை எண்ணோ பூஜ்யமோ வந்துவிடும்.

அசமன்பாடு இன்னும் பொல்லாதது. ஓர் எண்ணில் 3 குறைத்ததை, அதே எண்ணில் 2 கூட்டியதால் வகுத்தால் பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். பிள்ளைகள் சமன்பாடுபோல வகுஎண்ணால் இருபுறமும் பெருக்கி, ‘3-க்கு மேல்’ என்று மட்டும் எழுதுவார்கள். வகுஎண் குறை எண்ணானால் அசமக்குறி திரும்ப வேண்டும். அதை மறந்ததால் ‘−2-க்குக் கீழ்’ என்ற பாதி விடை காணாமல் போகிறது. −2, 3 இரண்டையும் எண்கோட்டில் குறித்து, மூன்று இடைவெளியிலும் ஓர் எண்ணைப் போட்டுச் சோதிப்பதே பத்திரமான முறை.

கோடையில் பயிற்சிக்குத் தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகம் முதல் தொகுதியில் ‘அடிப்படை இயற்கணிதம்’ பாடத்தைப் போட வையுங்கள். அசமன்பாடு, அடுக்கு, மடக்கை எல்லாம் அதில் உண்டு. இணையத்தில் இலவசம், ஆங்கிலத்திலும் இருக்கிறது. அதைக் கால்குலேட்டர் இல்லாமல் போடத் திணறினால் 1314-ஐத் தள்ளிப்போடுங்கள்.

இணைய வீட்டுப்பாட மதிப்பெண்ணை நம்பாதீர்கள். உதாரணத்துக்கு வீட்டுப்பாடம் 20, இடைத்தேர்வுகள் 50, இறுதித்தேர்வு 30 சதவீதம் என்றால், வீட்டுப்பாடத்தில் 95 வாங்கிய பிள்ளை தேர்வுகளில் 62, இறுதியில் 58 எடுத்தால் மொத்தம் 67.4தான். அது டி கிரேடு. பள்ளியோடு போகாது, கல்லூரிப் பட்டியலில் நிரந்தரமாக இருக்கும். பின்னாளில் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தால் அந்த கிரேடும் சராசரியில் சேரும்.

பேராசிரியருக்கு நீங்கள் மின்னஞ்சல் எழுதிக் கேட்கவும் முடியாது. கல்லூரியில் சேர்ந்தவுடன், வயது எதுவானாலும், கல்விப் பதிவின் மீதான உரிமை மாணவரிடம் போய்விடுகிறது. அவள் எழுதிக் கொடுத்தாலொழியப் பொதுவாக உங்களிடம் பேசமாட்டார்கள். அதனால் முதல் வாரமே பாடத்திட்டத் தாளை அவளிடம் வாங்கி, ‘டபிள்யூ’ போட்டு விலகுவதற்கான கடைசி நாளைக் குறித்துவையுங்கள். இரண்டாம் இடைத்தேர்வு மதிப்பெண் அந்த நாளுக்கு முன்பே வருமா என்றும் கேளுங்கள். வராதென்றால் முதல் தேர்வை வைத்தே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.