புது வீட்டில் ஒரு ஹாம்ஸ்டர் குட்டி: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து எலியைப் போன்ற சிறு வளர்ப்புப் பிராணியான ஹாம்ஸ்டரின் வளர்ப்பைப் பற்றி இம்முறை நான்கு கடிதங்கள் வந்துள்ளன. கோடை நெருங்கிவிட்டதால் நான்குக்கும் ஒரே இதழில் பதிலளிக்கிறேன். நான்காவது கடிதத்தில் கண்ட நிலைமை இதழ் வெளிவரும் வரை பொறுக்கக்கூடியதாக இல்லாததால், எழுதியவருக்குத் தொலைபேசியில் உடனே விவரம் சொல்லிவிட்டேன். மற்றவர்களும் அறிந்திருக்க வேண்டிய செய்தி என்பதால் அதையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். பத்து வயதாகும் என் மகளுக்காகப் பெங்களூருவிலிருந்து ஒரு ஹாம்ஸ்டர் குட்டி வாங்கி வந்தோம். வந்து மூன்று நாளாகியும் பகல் முழுவதும் மரத்தூளுக்குள் புதைந்தே கிடக்கிறது. கையை நீட்டினால் சீறுகிறது. "அதுக்கு என்னைப் பிடிக்கலையாம்மா?" என்று மகள் அழுகிறாள். தினமும் கையில் எடுத்தால்தான் பழகும் என்று கடைக்காரர் சொன்னார். அப்படியே செய்யலாமா?
(வாசகி, பாலக்கோடு)

பதில்: குட்டிக்கு உங்கள் மகளைப் பிடிக்காமல் இல்லை, அவள் யார் என்பதே அதற்கு இன்னும் தெரியாது என்று முதலில் அவளிடம் சொல்லுங்கள். ஹாம்ஸ்டருக்குக் கண்பார்வை மங்கல். மணத்தாலும் ஒலியாலுமே அது தன்னைச் சுற்றியுள்ளவற்றை அறிந்துகொள்கிறது. தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் பிரிந்து, கடைக் கூண்டில் சில நாள் இருந்து, அங்கிருந்து பல மணி நேரம் குலுங்கியபடி பயணம் செய்து, தன் மணம் சிறிதும் இல்லாத ஓரிடத்தில் இறக்கிவிடப்பட்ட குட்டி ஒளிந்துகொள்வதுதான் இயல்பு. ஒளியாமல் திறந்தவெளியில் சுருண்டு கிடந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

ஆகவே இப்போதைக்குக் கையில் எடுக்க வேண்டாம். முதல் ஒரு வாரத்துக்கு உணவு வைப்பதும் தண்ணீர் மாற்றுவதும் தவிர வேறெதற்காகவும் கூண்டுக்குள் கை போகக் கூடாது. ஹாம்ஸ்டர் இரவில் நடமாடும் பிராணி. பகலில் அது தூங்குவதை நோயென்றோ சோம்பல் என்றோ எண்ணி எழுப்பினால் அது அஞ்சும், அஞ்சினால் கடிக்கும். வைத்த தீனி காலையில் குறைந்திருக்கிறதா, எச்சம் கெட்டியாகவும் கருமையாகவும் இருக்கிறதா என்பதை மட்டும் தினமும் கவனியுங்கள். இவை இரண்டும் சரியாக இருந்தால் நீங்கள் பார்க்காத நேரத்தில் குட்டி நலமாக நடமாடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மாலையில் அது விழித்தெழும் நேரத்தில் உங்கள் மகள் கூண்டருகே அமர்ந்து தாழ்ந்த குரலில் தன் பாடத்தைப் படிக்கட்டும்; அவளுடைய குரலுக்கு ஆபத்தில்லை என்பதைக் குட்டி மெல்ல உணர்ந்துகொள்ளும். ஒரு வாரம் கழிந்தபின், கைகளைச் சோப்பால் கழுவி, ஒரு சூரியகாந்தி விதையை உள்ளங்கையில் வைத்து, கையை அசைக்காமல் கூண்டின் தரையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். கையில் முறுக்கு மணமோ குழம்பு மணமோ இருந்தால் விரலையே தீனி என்று நினைத்துக் கடித்துவிடும் என்பதால் கழுவுவது முக்கியம். குட்டி தானாக வந்து விதையை எடுத்து, பின்னர் தானாகவே கைமேல் ஏறும் நாள் வரும். அது ஒரு வாரத்தில் வரலாம், ஒரு மாதமும் ஆகலாம். அந்த நாளைக் குட்டிதான் தீர்மானிக்க வேண்டும். நாம் தீர்மானித்தால் இதுவரை பழகியதும் வீணாகும். தூக்கும்போது மேலிருந்து பிடிக்காமல் இரு கைகளையும் கிண்ணம்போல் குவித்துக் கீழிருந்து ஏந்த வேண்டும், தரையில் அமர்ந்துகொண்டே ஏந்த வேண்டும். மேசை உயரத்திலிருந்து விழுந்தாலே அதற்கு எலும்பு முறியும். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி இருப்பிடம். கடைகளில் குழந்தைகளைக் கவரும் வண்ணங்களில் விற்கப்படும் சிறு கூண்டுகள் எந்த ஹாம்ஸ்டருக்கும் போதா. ஒரு மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள தரைப்பரப்பு இருப்பது நல்லது. பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் மூடியை வெட்டிக் கம்பிவலை பொருத்தினால் குறைந்த செலவில் அது அமைந்துவிடும். அடியில் ஒரு சாண் ஆழத்துக்காவது காகிதத் துகளையோ மணமில்லாத மரச்சீவலையோ நிரப்புங்கள். தோண்டுவது அதன் பிறவிக் குணம். தேவதாரு, பைன் போன்ற மணமுள்ள மரங்களின் தூள் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். படுக்கைக்கென விற்கப்படும் பஞ்சு கால்களில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் குடலை அடைக்கும். மணமில்லாத டிஷ்யூ தாளைக் கிழித்துப் போட்டால் அதுவே தனக்கேற்றபடி கூடு கட்டிக்கொள்ளும். ஓடும் சக்கரம் இடைவெளியற்ற தளம் கொண்டதாக இருக்க வேண்டும். கம்பிச் சக்கரத்தில் கால் சிக்கி முறிவதுண்டு. உருவில் பெரிய வகையான சிரிய ஹாம்ஸ்டருக்கு 28 சென்டிமீட்டர் விட்டமும் குள்ள வகைகளுக்கு 20 சென்டிமீட்டர் விட்டமும் இருந்தால் முதுகு வளையாமல் ஓடும்.

ஒன்று மட்டும் மறவாதீர்கள்: நீங்கள் பெற்றோர், குட்டியின் பொறுப்பு உங்களுடையது, பத்து வயதுக் குழந்தையுடையதன்று. மகள் துணை செய்யட்டும்.

கேள்வி: எங்கள் வீடு தகரக்கூரை வீடு. "பாலைவனத்துப் பிராணிதானே, வெயிலைத் தாங்கும்" என்கிறார்கள் நண்பர்கள். மே மாதத்தில் என் ஹாம்ஸ்டர் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. அதோடு, வீட்டில் செய்யும் ராகிக் களியும் எங்கள் தோட்டத்து மாம்பழமும் அதற்குக் கொடுக்கலாமா?
(கல்லூரி மாணவர், அரூர்)

பதில்: உங்கள் பயம் நியாயமானது, நண்பர்கள் சொன்னது தவறு. சிரிய ஹாம்ஸ்டரின் தாயகம் வடக்குச் சிரியாவும் அதையொட்டிய தெற்குத் துருக்கியும். 1930-ஆம் ஆண்டு இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே ஒரு வயலைத் தோண்டி, ஆழமான வளையிலிருந்து ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் எடுத்தார். இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் சிரிய ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்த ஒரு குடும்பத்தின் வழிவந்தவை. அந்த நாட்டு வெயிலை அவை தாங்கி வாழவில்லை. பகல் முழுவதும் குளிர்ந்த மண்ணுக்கடியில் இருந்து வெயிலைத் தவிர்த்தே வாழ்ந்தன. கூண்டில் அடைபட்ட ஹாம்ஸ்டருக்கு இறங்கிச் செல்ல மண் இல்லை. 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் அதற்கு இதமானது; 30-ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. நம் பகுதியில் ஏப்ரல், மே மாதங்களில் தகரக்கூரையின் கீழ் எவ்வளவு வெப்பம் இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெப்பக் காற்று மேலே தங்கும் என்பதால், கூண்டைப் பரணிலோ அலமாரியிலோ வைக்காமல் வீட்டிலேயே குளிர்ந்த அறையின் தரைக்கு அருகில், சன்னல் வெயில் படாத மூலையில் வையுங்கள். கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பவர்கள் கோடையில் வேறு கூண்டுக்கு மாற்றுவது நல்லது. ஹாம்ஸ்டருக்கு நம்மைப்போல் வியர்ப்பதில்லை. ஆகவே மின்விசிறிக் காற்றை நேராக அதன்மேல் விடுவதால் பயன் குறைவு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் வேலை நடக்கும் இடங்களில் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் எளிதாகக் கிடைக்கும். அவற்றில் கூர்முனை இல்லாத ஒன்றை நன்கு கழுவிக் கூண்டுக்குள் வைத்தால் அதன்மேல் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். ஒரு சிறிய மண் கலயத்தைப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் அது குளிர்ந்த வளையாகும். உச்சி வெயிலில், தண்ணீரை உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் வெளிப்புறத்தில் சாய்த்து வையுங்கள். தண்ணீர்ப் பாட்டிலின் குழாய் அடைபடாமல் சொட்டுகிறதா என்று காலையும் மாலையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஒரே ஒரு நாள் அடைப்பு கோடையில் உயிரைக் குடிக்கும். பிராணி கைகால் பரப்பிக் கிடந்து, வேகமாக மூச்சுவிட்டு, தொட்டாலும் எழாமல் இருந்தால் அது வெப்பத் தாக்குதல். உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரால் பாதங்களையும் காதுகளையும் நனைத்து, மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

தரைக்கு அருகில் வைத்தால் எறும்பு வருமே என்பீர்கள். கூண்டை ஒரு தாழ்ந்த பலகைமேல் வைத்து, அதன் கால்களைத் தண்ணீர் ஊற்றிய தட்டுகளில் நிறுத்துங்கள். எறும்புச் சாக்பீஸ், கொசுவர்த்தி, பூச்சிமருந்துத் தெளிப்பு எதுவும் அந்த அறைக்குள் வரவே கூடாது.

உணவைப் பொறுத்தவரை நம் மாவட்டத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். கேழ்வரகு, சாமை, தினை, கம்பு எல்லாம் வீட்டிலேயே இருக்கும்; கடையில் வாங்கும் ஹாம்ஸ்டர் தீனியோடு இந்தத் தானியங்களைச் சமைக்காமல், காய்ந்த நிலையில் சிறிது கலந்து கொடுக்கலாம். வளர்ந்த சிரிய ஹாம்ஸ்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டி அளவு போதும். களி வேண்டாம். ஹாம்ஸ்டர் தீனியைக் கன்னப்பையில் அடக்கிக் கொண்டுபோய்ச் சேமிக்கும் பழக்கமுடையது. ஒட்டும் உணவு அந்தப் பையின் சுவரில் பிடித்துக்கொண்டு புண்ணாக்கும். மாம்பழத்தில் சர்க்கரை அதிகம். குள்ள வகைகளுக்கு, குறிப்பாகக் கேம்பெல் வகைக்கு, நீரிழிவு எளிதில் வரும். அவற்றுக்குப் பழமே கொடுக்க வேண்டாம். உங்களுடையது சிரிய வகையானால் எப்போதாவது விரல்நகம் அளவு கொடுத்தால் போதும். வெள்ளரி, கேரட், கொத்தமல்லித் தழை ஆகியவற்றை நன்கு கழுவிச் சிறிதளவு கொடுங்கள். வாரத்தில் ஓரிரு முறை அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ஒரு துணுக்கு கொடுங்கள். வெங்காயம், பூண்டு, எலுமிச்சை வகைப் பழங்கள், பச்சை உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலை, சாக்லேட், பூஞ்சை பிடித்த கடலை ஆகியவற்றை விலக்குங்கள். வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், மருந்து தெளிக்காத கொய்யாக் குச்சி ஒன்றைக் கடிக்கப் போட்டு வையுங்கள்.

கேள்வி: தனியாக இருந்தால் ஏங்கிப் போகும் என்று இரண்டு சிரிய ஹாம்ஸ்டர்களை ஒரே கூண்டில் விட்டோம். இப்போது இரவில் சண்டை போடுகின்றன. ஒன்றின் காதில் காயம். நாற்றமும் வருகிறது, குளிப்பாட்டலாமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: இன்றே பிரித்துவிடுங்கள், நாளை வரை காத்திருக்க வேண்டாம். சிரிய ஹாம்ஸ்டர் பருவம் எய்தியபின் தன் இனத்தைச் சகிக்காது. ஒன்றையொன்று கொன்றுவிடவும் கூடும். தனிமை அதற்குத் துன்பமன்று. அவற்றில் ஒன்று பெண்ணா என்பதையும் மருத்துவரிடம் காட்டி அறிந்துகொள்ளுங்கள். ஏறத்தாழ ஐந்து வாரத்திலேயே கருத்தரிக்கக்கூடிய இந்த இனத்தின் சினைக்காலம் சுமார் 16 நாள்தான். குட்டி போட்டால் இரண்டு வாரத்துக்குக் கூட்டைத் தொடாதீர்கள். கலவரமடைந்த தாய் குட்டிகளைத் தின்றுவிடும்.

தண்ணீரில் குளிப்பாட்டவே கூடாது. தூசியில்லாத மணலைச் சலித்து, அலசி, வெயிலில் காயவைத்து ஒரு தட்டில் வைத்தால் அது தானே புரண்டு சுத்தமாகும். கட்டட வேலைக்குரிய எம்-சாண்ட் கூடாது. நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் சிறுநீர் கழிக்கும் மூலைதான். அதை மட்டும் ஓரிரு நாளுக்கொருமுறை எடுத்துவிட்டு, முழுக் கூண்டையும் மாற்றும்போது பழைய படுக்கையில் ஒரு பகுதியைத் திரும்பப் போடுங்கள். தன் மணம் முற்றிலும் மறைந்தால் அதற்கு மீண்டும் புது வீடுதான்.

கேள்வி: பேத்திக்கு வாங்கிக் கொடுத்த ஹாம்ஸ்டர் குட்டிக்கு ஆறு வாரம் இருக்கும். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. வாலும் பின்புறமும் ஈரமாகவே இருக்கின்றன. கூனிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் எனக்கு எழுதிக்கொடுத்த அமாக்சிசிலின் மாத்திரை மீதம் உள்ளது. பொடித்துக் கொடுக்கலாமா, டாக்டர்?
(வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: ஐயா, அந்த மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளும், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் போன்றவையும் நமக்கு நன்மை செய்யலாம். ஹாம்ஸ்டரின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அவை அழித்துவிட, நச்சு உண்டாக்கும் கிருமி பெருகி, பிராணி சில நாளில் இறந்துவிடும். நோய் தீர்க்கக் கொடுத்த மருந்தே உயிரைப் பறிப்பது ஹாம்ஸ்டர் விஷயத்தில் உண்மையாகவே நடப்பது.

நீங்கள் விவரிப்பது ஈரவால் நோய். தாயைப் பிரிந்த இளங்குட்டிகளுக்கு, இடமாற்றம், தீனி மாற்றம், நெரிசல் ஆகியவற்றால் ஏற்படும் நலிவின்போது, லாசோனியா என்ற பாக்டீரியாவால் பெரும்பாலும் வருகிறது. இரண்டு மூன்று நாளில் உயிர் போகக்கூடும். வந்த குட்டியை முதல் வாரம் அமைதியாக விட வேண்டும் என்று பாலக்கோடு வாசகிக்கு எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். கடையில் தின்ற தீனியையே முதல் இரு வாரம் தொடர்ந்து, புதிய தீனியைச் சிறிது சிறிதாகக் கலப்பதும் இதற்காகத்தான்.

கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ உள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குக் காலையிலேயே எடுத்துச் செல்லுங்கள். சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர் வேண்டுமென்றால் ஓசூரிலோ பெங்களூருவிலோ உள்ளவர்களிடம் முன்கூட்டியே பேசிவிட்டுச் செல்லலாம், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். போகும் வரை பச்சைக் காய்கறிகளை நிறுத்திவிட்டு, குட்டியைக் கதகதப்பாக வைத்து, வாய்வழி நீரேற்றுக் கரைசலை (ஓ.ஆர்.எஸ்.) சொட்டுச் சொட்டாக உதட்டில் வையுங்கள். வலிந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். எடை குறைந்த பிராணி என்பதால் மருந்தின் அளவை மருத்துவர் எடை பார்த்தே தீர்மானிக்க வேண்டும். கூண்டிலிருந்து எச்சம் சிறிதளவை ஒரு சிறு டப்பாவில் எடுத்துச் செல்வது அவருக்கு உதவும். கூண்டிலுள்ள படுக்கை முழுவதையும் அப்புறப்படுத்தி, கூண்டை வெந்நீரும் கிருமிநாசினியும் கொண்டு கழுவிக் காயவையுங்கள். பழைய படுக்கையில் சிறிது திரும்பப் போட வேண்டும் என்ற விதி இந்த நோய்க்குப் பொருந்தாது. பேத்தி சில நாள் குட்டியைத் தொடாமலிருக்கட்டும். தொடுகிற பெரியவர்கள் ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள்.