டெல்டாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் பல்கலைக்கழக அறிவியல் பேராசிரியர் ஆக முடியுமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: திருத்துறைப்பூண்டி பக்கம், அப்பாவுக்கு ஆறு மா (கிட்டத்தட்ட இரண்டு ஏக்கர்) நிலம், அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் வருடம். ஆராய்ச்சி செய்து பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆக ஆசை. வீட்டில் "டிகிரி முடிச்சதும் பி.எட். போட்டுடு" என்கிறார்கள், அவர்களிடம் என்ன சொல்வது?

முடியும். நான் மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். நெல்வயலில் வளரும் நீலப்பச்சைப் பாசிகள்தான் என் ஆராய்ச்சி. ஆனால் இங்கே வந்து சேர்வதற்குள் சரியாக மூன்று வருடத்தை வீணாக்கினேன். அது ஏன் வீணானது என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. அதனால் உங்களுக்கு முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்.

ஜே.ஆர்.எஃப். கையில் இல்லாமல் பிஎச்.டி.க்குப் பதிவு செய்யாதீர்கள்.

ஜே.ஆர்.எஃப். என்பது இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் நல்ல இடம் பிடித்தால் கிடைக்கும். தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை, ஜூன் சுற்று, டிசம்பர் சுற்று. 2023லிருந்து, முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதற்கப்புறம் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. அதே தேர்வுதான் உதவிப் பேராசிரியர் பணிக்கான தகுதியையும் தருகிறது.

2005ல் நான் எம்.எஸ்சி. முடித்தேன். எனக்குப் பாடம் எடுத்த ஒருவர், "வந்து சேர்ந்துடு, ஃபெல்லோஷிப்பெல்லாம் பின்னாடி பார்த்துக்கலாம்" என்றார். அன்பாகத்தான் கூப்பிட்டார். சேர்ந்தேன். சம்பளம் கிடையாது. பதிவுக் கட்டணம், பஸ் பாஸ், ரசாயனம் எல்லாம் கைக்காசு. சமாளிக்க ஒரு சுயநிதிக் கல்லூரியில் 4,500 ரூபாய்க்கு வேலைக்குப் போனேன். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே, சனி ஞாயிறு ஆய்வகம். ஆய்வகத்திலும் பாதி நேரம் வழிகாட்டியின் விடைத்தாள்களுக்குக் கூட்டல் போடுவது, அவர் வீட்டுக்குச் சமையல் கேஸ் பதிவு செய்வது என்று போய்விடும். முடியாது என்று சொல்ல வாய் வராது. எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்து வேண்டும். என் கையில் எதுவும் கிடையாது. மூன்று வருடத்தில் என் ஆய்வுக் குறிப்பேட்டில் நாற்பது பக்கம்கூட நிரம்பவில்லை.

2008ல், நான்காவது முயற்சியில், ஜே.ஆர்.எஃப். கிடைத்தது. அப்போது மாதம் 12,000. பழைய பதிவை ரத்து செய்துவிட்டு வேறு ஊரில், வேறு வழிகாட்டியிடம் புதிதாகச் சேர்ந்தேன். ஒரே ஆள், அதே மூளை, அதே பாசிதான். முதல் ஆறு மாதத்திலேயே குறிப்பேடு தீர்ந்து இரண்டாவது வாங்கினேன். உதவித்தொகை உங்கள் பெயரில் வருகிறது என்றால், எந்த ஆய்வகத்தில் சேருவது என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். நமக்கு அப்பா அம்மா காசு அனுப்ப முடியாது, சொந்தத்தில் விவரம் தெரிந்த ஆளும் கிடையாது. அந்த இடத்தை இந்தப் பணம்தான் நிரப்புகிறது.

சரி, அந்தத் தேர்வை எப்படி அணுகுவது? உயிர் அறிவியல் தாளில் மூன்று பகுதி, மொத்தம் 200 மதிப்பெண், மூன்று மணி நேரம். பொது அறிவுத்திறன் பகுதியில் 20 கேள்வியில் 15 எழுதினால் போதும். இரண்டாவது பகுதியில் 50க்கு 35. மூன்றாவது பகுதியில் 75 கேள்வி கொடுப்பார்கள், 25 எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். பாதி மதிப்பெண் அந்த 25 கேள்வியில்தான் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு கேள்வியைத் தொடாமலே விடலாம். தப்பாக எழுதினால் கால் பங்கு கழிப்பார்கள், அதனால் குருட்டாம்போக்கில் எழுதக் கூடாது. நம் பிள்ளைகள் பதின்மூன்று அலகையும் மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போய் உட்காருகிறார்கள். நானும் முதல் மூன்று முறை எல்லாவற்றையும் மேய்ந்துவிட்டுத்தான் போனேன். ஐந்து அலகை எடுத்து அடி வரை படியுங்கள். தாவரவியல்காரருக்குத் தாவரச் செயலியல், சூழலியல், பரிணாமம், மரபியல், செல் உயிரியல் சரியாக அமையும். பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துப் போடுங்கள். பொது அறிவுத்திறன் பகுதியைப் பள்ளிக் கணக்கு என்று அலட்சியப்படுத்துபவர்கள் அங்கேதான் ஜே.ஆர்.எஃப்.பை விடுகிறார்கள்.

ஆங்கிலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தமிழ் வழியில் படித்தவர் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான். எம்.எஸ்சி. முதல் வருடத்தில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைக் கையில் கொடுத்தபோது முதல் பத்தியைத் தாண்ட இரண்டு மணி நேரம் ஆனது. அப்புறம் வாரம் ஒரு கட்டுரை என்று வைத்துக்கொண்டேன். படித்து முடித்ததும் மூடி வைத்துவிட்டு, அதில் என்ன செய்தார்கள், என்ன கண்டார்கள் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதுவேன். தமிழில் எழுத வரவில்லை என்றால் கட்டுரை புரியவில்லை என்று அர்த்தம். திரும்பப் படிப்பேன். இதை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள், இரண்டு வருடத்தில் நூறு கட்டுரை ஆகிவிடும்.

எம்.எஸ்சி.க்கு உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கு க்யூட் முதுநிலை நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். திருச்சியில் பாரதிதாசன், சிதம்பரத்தில் அண்ணாமலை. கடல் உயிரியல் பிடிக்கும் என்றால் பரங்கிப்பேட்டை. ஐ.ஐ.டி. வேண்டுமென்றால் ஜாம் தேர்வு. எம்.எஸ்சி.யில் பல்கலைக்கழக முதல் ரேங்க் எடுத்தால் பிஎச்.டி.க்கு இன்ஸ்பயர் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். கல்லூரியின் பெயரை விட, மாணவர்களைக் கையால் வேலை செய்ய விடுகிற ஆய்வகம் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய அறைக்குப் போவதற்கு முன் அவருடைய மாணவர்களைப் பாருங்கள். கேன்டீனில் உட்கார்ந்து மூன்று விஷயம் கேளுங்கள்: முன்னால் முடித்தவர் எத்தனை வருடத்தில் முடித்தார்? கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறது? சார் கடைசியாக எப்போது உங்கள் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தார்? மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் வந்தால் தயங்காமல் சேருங்கள். பணம் கட்டினால் பத்து நாளில் கட்டுரை போட்டுத் தருகிறோம் என்று மின்னஞ்சல்கள் வரும். ஒன்றுகூட வேண்டாம். அந்தக் கறை பின்னால் ஒவ்வொரு நேர்காணலிலும் கூடவே வரும்.

இனி, இந்த வேலை ஏன் என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் மேலே சொன்ன கஷ்டத்துக்கெல்லாம் நியாயம் இல்லை.

சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடிக்கும் நேரத்தில் வயல் தண்ணீரில் ஆடை மாதிரி பாசி படரும். அப்பா அதைக் காலால் ஒதுக்கிவிட்டுத்தான் உரம் போடுவார். எம்.எஸ்சி. படிக்கும்போது அந்தப் பாசியை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அள்ளிக்கொண்டு போய், ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். பச்சைப் பாசிமணியைக் கோத்து வைத்த மாதிரி இழை இழையாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு பாசிமணிகளுக்கு நடுவே ஒரு மணி மட்டும் கொஞ்சம் பெரிதாக, வெளிறி, தடித்த சுவரோடு. அதற்கு ஹெட்டிரோசிஸ்ட் என்று பெயர். காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்கு ஆகும்படி மாற்றுகிற நொதி அதற்குள் இருக்கிறது. ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுவிடும், அதனால்தான் தடித்த சுவர். பக்கத்துச் செல்கள் எல்லாம் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை விடுகின்றன. இந்த ஒரு செல் மட்டும் அந்த வேலையை நிறுத்திவிட்டு மற்றவற்றுக்காக நைட்ரஜன் பிடிக்கிறது. நெல்வயலின் வளத்துக்கு இந்தப் பாசிகள் காரணம் என்று பி.கே. டே என்ற இந்திய விஞ்ஞானி 1939லேயே காட்டியிருக்கிறார். அப்பா ஒதுக்கித் தள்ளிய பொருள் இது.

அடுத்த மாதம் அப்பாவைத் துறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "இதுவா காத்துலேர்ந்து உரம் எடுக்குது?" என்றார். அதற்கப்புறம் அவர் அதைக் காலால் ஒதுக்கியதை நான் பார்த்ததில்லை.

2012ல் டெல்டா முழுக்கப் பாதி நாள் கரண்ட் இருக்காது. நான் பிஎச்.டி. கடைசிக் கட்டத்தில் இருந்தேன். வளர்ப்பு அறையில் விளக்கும் குளிர்சாதனமும் நின்று நின்று பாசிகள் வெளிற ஆரம்பித்தன. நான்கு வருடம் வயல் வயலாகப் போய்ப் பிரித்தெடுத்தவை. நாற்பத்தேழு சோதனைக் குழாய்களைத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டில் வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு, நேர் வெயில் விழாது. அம்மா அந்தத் திண்டில் இருந்த சாமான்களை எடுத்துவிட்டு இடம் கொடுத்தார். மூன்று குழாய் போய்விட்டது. மற்ற நாற்பத்து நான்கும் பிழைத்தன. அவற்றில் சிலவற்றின் வழித்தோன்றல்களை இன்றைக்கும் என் மாணவர்கள் வளர்க்கிறார்கள்.

வேலை நிலவரத்தையும் மறைக்கக் கூடாது. 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதியை மாற்றியது. ஆனால் பல்கலைக்கழகத் துறைகளுக்கு விண்ணப்பிப்பவர்களில் பிஎச்.டி.யும் கட்டுரைகளும் இல்லாதவர்கள் அரிது, அதனால் நடைமுறையில் அது வேண்டும். ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700, அதோடு அகவிலைப்படி. பதவி உயர்வு வழியாகப் பேராசிரியர் என்ற பெயர் வர, பிஎச்.டி.யோடு சேர்ந்தவருக்கும் குறைந்தது 15 வருடம் ஆகும். நேரடி நியமனத்துக்குப் பத்து வருட அனுபவமும் பத்துக் கட்டுரையும் அடிப்படைத் தேவை. நான் முனைவர் பட்டம் வாங்கி, இரண்டு வருடம் வெளி மாநில ஆய்வகம் ஒன்றில் இருந்துவிட்டு, 2016ல்தான் நிரந்தர வேலையில் சேர்ந்தேன். அப்போது வயது 33.

அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. ஒரு அறிவிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே பல வருடம் ஓடிவிடும். அந்த இடைவெளியில் கௌரவ விரிவுரையாளர்களாக இருப்பவர்கள் மாதம் 25,000 ரூபாயில் (2025 நிலவரம்), வருடத்துக்கு 11 மாதச் சம்பளத்தில், நிரந்தரப் பேராசிரியர் எடுக்கிற அதே பாடத்தை எடுக்கிறார்கள். அவர்களில் என்னை விட நன்றாகச் சொல்லிக் கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனத்துவிடும். அதனால் தமிழ்நாட்டை மட்டும் பார்க்காதீர்கள். மத்தியப் பல்கலைக்கழகங்கள், வெளி மாநிலங்கள், ஆராய்ச்சி நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் போடுங்கள். ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருப்பதால் அங்கே போகலாமா என்று பலர் கேட்பார்கள். அது வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது, அங்கே விஞ்ஞானி ஆக வேளாண் பட்டம் தேவைப்படும்.

சேர்ந்தபின் வாரம் 16 மணி நேரம் வகுப்பு. மேலே தேர்வுப் பணி, விடைத்தாள், கல்வி நிறுவனங்களுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழுவுக்கான கோப்புகள். ஆராய்ச்சிக்கு நேரத்தை நாமேதான் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். நான் காலை ஏழு மணிக்கே ஆய்வகத்துக்குப் போய்விடுவேன், ஒன்பதரை வரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

வீட்டில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். பி.எட். மோசமான படிப்பு கிடையாது, அப்பா உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். அவரிடம் ஒரு கெடு கேளுங்கள். எம்.எஸ்சி. கடைசி வருடத்திலிருந்தே நெட் எழுத ஆரம்பிக்கலாம். அந்த வருடமும் அடுத்த வருடமும் சேர்த்து நான்கு முறை எழுதலாம். நான்கிலும் ஜே.ஆர்.எஃப். வரவில்லை என்றால் பி.எட். சேர்கிறேன் என்று சொல்லுங்கள். எழுதியும் கொடுங்கள், நம் ஊர் அப்பாக்கள் எழுத்துக்கு மதிப்பு கொடுப்பார்கள். பேராசிரியர், ஆராய்ச்சி என்று ஆரம்பிக்காமல், படிக்கும்போதே மாதம் 37,000 வரும் என்பதை முதலில் சொல்லுங்கள். என் அப்பா பாசியை முன்பே பார்த்திருந்தாலும், இந்தப் படிப்பில் அவருக்கு நம்பிக்கை வந்தது பணத்தைப் பார்த்த பிறகுதான். 2008ல் முதல் தொகை வங்கியில் ஏறியபோது பாஸ்புக்கை வாங்கி, அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "இது படிக்கிறதுக்கா குடுக்குறாங்க?" என்று இரண்டு முறை கேட்டார்.