சின்னவன் எப்போது வீடு திரும்பினான்?

கேள்வி: எனக்கு இரட்டை ஆண்பிள்ளைகள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் மூத்தவன் வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிட்டான், சின்னவன் ஒன்பது புள்ளியால் தவறிவிட்டான். வீட்டில் வைத்த பாராட்டு விழாவன்று மனம் நோகுமே என்று சின்னவனை வாகரையில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். உயர்தரம் படிக்கும் மகள் 'தி கிவர்' என்ற நாவலை வாசித்துவிட்டு, "எங்கட வீடும் அந்த ஊர் மாதிரித்தான்" என்கிறாள். கற்பனைக் கதையை வைத்துப் பெற்றோரைக் குறை சொல்லலாமா? இப்படியான புத்தகங்களைத் தடுக்க வேண்டுமா?
— ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: தங்கச்சி, புத்தகத்தை விடுங்கள். சின்னவனை அனுப்பியதை எழுதினீர்கள். அவன் திரும்பி வந்தானா என்று ஒரு சொல் இல்லை.

மகள் எந்த இடத்தை வாசித்து அப்படிச் சொன்னாள் என்று கேட்டீர்களா? லொயிஸ் லோரி 1993இல் எழுதிய அந்த நாவலில், குறையே இல்லாத ஊருக்காக நிறங்களைக்கூட இல்லாமல் செய்துவிடுகிறார்கள். 12 வயதில் பிள்ளையின் தொழிலை மூத்தோர் குழு தீர்மானிக்கிறது. ஒரே அச்சில் இரட்டையர் பிறந்தால், நிறுத்துப் பார்த்து எடை குறைந்ததை 'விடுவிக்கிறார்கள்'. அது வேறிடம் போய்ச் சுகமாக இருக்கும் என்று ஊர் நம்புகிறது. நடப்பது ஊசி போட்டுக் கொல்வது. செய்கிறவர் கதாநாயகன் யோனாசின் தகப்பன். குழந்தைகளில் பாசமுள்ளவர், கொஞ்சிக்கொண்டேதான் செய்கிறார்.

நீங்கள் பிள்ளையைக் கொல்லவில்லை. அந்த அளவுக்கு ஒப்பிடுவது அநியாயம். ஆனால் இருவரையும் நிறுத்தீர்கள், குறைந்தவனைச் சபையின் கண்ணில் படாமல் அனுப்பினீர்கள், அதற்குப் பாசம் என்று பேரும் வைத்தீர்கள். அந்தத் தகப்பனுக்குச் சட்டம் இருந்தது. உங்களை எந்தக் குழு கட்டாயப்படுத்தியது? வந்த சனத்துக்கு முன்னால் நோக இருந்தது யாருடைய மனம்?

எதை வைத்து நிறுத்தீர்கள் என்றும் பாருங்கள். முதல் வினாத்தாள் 40 கேள்வி, ஒரு மணித்தியாலம். இரண்டாவது 60 கேள்வி, ஒன்றேகால் மணித்தியாலம். எழுதுவது பத்து வயதுப் பிள்ளை. வெட்டுப்புள்ளி என்பது பாடசாலை இடத்துக்கும் உதவிப்பணத்துக்கும் போடும் கோடு. அது மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் மாறும். துறைநீலாவணைப் பிள்ளைக்கு மட்டக்களப்புக் கோடு, அடுத்த ஊரான பெரியநீலாவணைப் பிள்ளைக்கு அம்பாறைக் கோடு. இந்தக் கோட்டையா வீட்டு வாசலில் போட்டீர்கள்?

அவன் இன்னும் வாகரையில் இருந்தால் தாயும் தகப்பனும் நேரில் போய்க் கூட்டிவாருங்கள். யாரோடும் பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லாதீர்கள். மூத்தவனும் கூட வரட்டும். மதிலில் பனர் கட்டியிருந்தால் புறப்படுமுன் கழற்றுங்கள், அவன் வந்திறங்கும்போது இருக்கக்கூடாது. "உன்னை அனுப்பினது எங்கட பிழை" என்று தகப்பன் சொல்லவேண்டும். சொல்லிவிட்டு நிறுத்தவேண்டும். "ஆனாலும் நீ இன்னும் கொஞ்சம் கவனமாகப் படித்திருந்தால்" என்று ஒட்டினால் மன்னிப்பு செத்துவிடும், பெற்றோர் பிழைவிடுவது பெரும்பாலும் அங்கேதான். சொந்தக்காரர் புள்ளி கேட்டால், "இரண்டு பேரும் எழுதினார்கள்" என்பதோடு பேச்சை மாற்றுங்கள்.

மூத்தவன் சந்தோஷமாக இருக்கிறான் என்று நினைக்காதீர்கள். குறைந்தால் என்ன நடக்கும் என்று அவன் கண்ணாலே கண்டுவிட்டான். தரம் 11இல் சாதாரணதரப் பரீட்சை வரும்போது, தவறினால் தன்னை எங்கே அனுப்புவார்கள் என்று யோசிப்பான்.

புத்தகத்தைத் தடுக்கவேண்டாம். இரட்டையர் வருவது 19ஆம் அத்தியாயம். மகளைப் பக்கத்தில் இருத்தி வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். அதுவும் சின்னவனைக் கூட்டிவந்த பிறகு.