முதல் வேட்டைத் துவக்கு: பழையதை நம்பலாமா?

கேள்வி: துவக்கு உரிமமும் வேட்டைப் பயிற்சியும் முடித்துவிட்டேன். இந்த இலையுதிர்காலத்தில் மான் வேட்டைக்குப் போக, பின்னால் உள்ள தண்டைக் கையால் இழுத்துத் தள்ளி ரவை ஏற்றும் ஒரு போல்ட் அக்‌ஷன் துவக்கு தேவை. கையில் ஆயிரம் டொலர் இருக்கிறது. கூட வேலை செய்யும் ஒருவர் தன் தந்தையின் .303 லீ-என்ஃபீல்டை, அதாவது பிரிட்டிஷ் இராணுவத்தின் பழைய துவக்கை, மலிவாகத் தருகிறார். வாங்கலாமா, புதிதே எடுக்கலாமா?
- வாசகர், ஒன்ராறியோ

பதில்: பார்த்துவிட்டு வாங்கலாம். மான் வேட்டைக்காரர் பலர் ஆண்டுக்கு ஒரு பெட்டி ரவைகூடச் சுடுவதில்லை. அதனால் சுட்டுத் தேய்ந்த துவக்கைவிட, ஈரத்தில் கிடந்து கெட்டதும் ஆளாளுக்குக் கைவைத்துக் கெட்டதும்தான் அதிகம்.

முதலில் போல்ட் எனும் அந்தத் தண்டைத் திறந்து, உள்ளே ரவை இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பிறகு போல்ட்டைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் பாருங்கள். உள்ளே சுருண்டு ஓடும் புரிகள் கூர்மையாக, பளபளவென்று தெரிய வேண்டும். போர்க்காலத்து .303 ரவைகளின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில் (பிரைமர்) இருந்த உப்பு, உடனே துடைக்காத குழல்களை அரித்திருக்கிறது. அழுக்கைத் துடைத்துவிடலாம், குழி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். குழலின் வாயில் ஒரு சிறு நசிவு இருந்தாலும் குறி சிதறும். சோங்கின் (தோளில் வைக்கும் மரப்பகுதியின்) கழுத்தில் வெடிப்பு இருக்கிறதா, திருகாணித் தலைகள் பிய்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிய்ந்திருந்தால் பழக்கமில்லாத யாரோ உள்ளே நோண்டியிருக்கிறார்.

லீ-என்ஃபீல்டில் இன்னொன்று முக்கியம். போல்ட்டில் உள்ள இலக்கமும் துவக்கின் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். போல்ட் மாறியிருந்தால் அதற்கும் ரவைக்கும் இடையிலான இடைவெளி கூடி, ரவைக்கூடு கிழிய வாய்ப்புண்டு. சுடுவதற்கு முன் துவக்கு திருத்துபவரிடம் அந்த இடைவெளியை அளக்கக் கொடுங்கள். அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

எல்லாம் சரி என்றால் .303 மானுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் தொலைநோக்கி பூட்ட வேண்டுமென்றால் இதில் சிரமம். அப்படியானால் .308 ரவை அளவில் ஒரு எளிய புதுத் துவக்கை எடுங்கள். இன்றைய மலிவான மாதிரிகளும் நன்றாகவே குறி பிடிக்கின்றன. மேக்னம் எனப்படும் அதிக விசையுள்ள ரவை வேண்டாம்; தோளில் விழும் இடிக்குப் பயந்து கண்ணை மூடப் பழகிவிடுவீர்கள். எதுவானாலும் முழுப் பணத்தையும் துவக்கில் போடாமல், தொலைநோக்கிக்கும் பயிற்சி ரவைக்கும் மிச்சம் வையுங்கள்.

கைமாற்றும் முன் விற்பவர் உங்கள் உரிமத்தைச் சரிபார்த்து அதற்கான குறிப்பு எண்ணைப் பெற வேண்டும். 2022 மே முதல் நண்பர்களுக்குள் விற்றாலும் அதுதான் சட்டம்.